ஓராண்டு இடைவெளியில் ஆஸ்திரேலியா: புறப்படும் முன் எந்தப் பயிற்சிகளை முடித்துக்கொள்ளலாம்?

தாமிரபரணித் தண்ணீர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 24. பாளையங்கோட்டையில் வணிகவியல் படித்துவிட்டு, இரண்டு ஆண்டுகளாகச் சென்னையில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மேற்படிப்பில் சேர்வதற்கு முன் ஓராண்டு வெளிநாட்டில் வேலை செய்துகொண்டே ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது கல்லூரிக் காலத்து ஆசை. ஆஸ்திரேலியா இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 1,000 இடங்கள் என்று ஒதுக்கியிருக்கும் 462 எண் விசாவுக்கான குலுக்கலில் 25 டாலர் கட்டிப் பெயர் கொடுத்திருந்தேன். வீட்டில் ஒருவரும் நம்பாத அந்தக் குலுக்கலில் பெயர் வந்து, இப்போது விசாவும் கையில் இருக்கிறது. விசா கிடைத்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் உள்ளே நுழைந்தால் போதும் என்பதால், ஐந்து மாதம் கழித்துப் புறப்படலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

இந்த ஐந்து மாதத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதே என் கேள்வி. எனக்குச் சனி, ஞாயிறு மட்டுமே ஓய்வு. பயிற்சிகளுக்கென்று 40,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். மதுக்கூடத்தில் பரிமாறுவதற்கான பயிற்சி, கட்டுமானத் தளங்களுக்கான ஒயிட் கார்டு, காபி தயாரிக்கும் பரிஸ்டா பயிற்சி, முதலுதவி, ஆங்கிலம் கற்பிப்பதற்கான 120 மணி நேர இணையவழிப் படிப்பு, கார் ஓட்டுதல், நீச்சல் என்று என் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இவற்றில் எனக்கு இப்போது தெரிந்தது ஒன்றுகூட இல்லை. ஆற்றங்கரையில் பிறந்திருந்தும் நீச்சல் தெரியாது என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இங்கே ஒரு நிறுவனம், ஐந்து சான்றிதழ்கள் அடங்கிய தொகுப்பு ஒன்றை 68,000 ரூபாய்க்குத் தருவதாகவும், அவை அனைத்தும் ஆஸ்திரேலியாவில் செல்லும் என்றும் சொல்கிறது. பணத்தைக் கட்டுவதற்கு முன் போய்வந்தவர்கள் யாரிடமாவது கேட்டுக்கொள் என்று அப்பா சொன்னார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். எதை இங்கேயே கற்க வேண்டும், எதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.


வாழைத்தார்:

வணக்கம் தங்கையே. 2024 அக்டோபரில் இந்தியர்களுக்காக முதன்முதலாகத் திறந்த குலுக்கலில் பெயர் வந்து இங்கே வந்தவன் நான். சொந்த ஊர் தேனிப் பக்கம். முதலில் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் வடக்கே கெய்ன்ஸ் நகரத்தில் ஒரு காபிக் கடையிலும், பிறகு அதற்குத் தெற்கே டல்லி என்ற ஊரில் ஒரு வாழைத் தோட்டத்திலும் வேலை பார்த்தேன். அப்பா சொன்னதைக் கேட்டு நீங்கள் பணத்தைக் கட்டாமல் நின்றது நல்லதாயிற்று. நான் யாரையும் கேட்காமல் கட்டினேன்.

புறப்படும் முன் ஊரில் ஓரிடத்தில் 22,000 ரூபாய் கொடுத்து, 'சர்வதேச மதுக்கூடப் பணி' என்று பொன்னெழுத்தில் அச்சிட்ட சான்றிதழ் ஒன்றை வாங்கினேன். புட்டியைச் சுழற்றித் தூக்கிப் போட்டுப் பிடிப்பதெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். கெய்ன்ஸில் வேலை கேட்டுப் போன முதல் மதுக்கூடத்தில் மேலாளர் அந்தச் சான்றிதழை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆர்.எஸ்.ஏ. இருக்கிறதா?" என்ற ஒரு கேள்விதான் கேட்டார். பொறுப்புடன் மது பரிமாறுவதற்கான அந்தச் சான்று என்னிடம் இல்லை. அது இல்லாதவரை மது ஊற்ற வைத்தால் கடைக்காரருக்குத்தான் அபராதம். இரண்டு நாள் கழித்து அந்தப் பயிற்சியை அங்கேயே ஒரு நாளில் முடித்து வாங்கினேன். அந்த ஒரு நாளில் கற்றுத்தந்தது புட்டியைச் சுழற்றுவதை அன்று. போதை தலைக்கேறியவரை எப்படி அடையாளம் காண்பது, அவருக்கு அடுத்த கோப்பையை எப்படி மரியாதையாக மறுப்பது, வயதுச் சான்றை எப்படிச் சரிபார்ப்பது என்பவைதான்.

ஆஸ்திரேலியாவில் வேலைக்குச் சட்டப்படி தேவைப்படும் சான்றுகளை அந்நாட்டில் பதிவுபெற்ற பயிற்சி நிறுவனங்கள் மட்டுமே தர முடியும். அந்தப் பயிற்சியில் சேர யு.எஸ்.ஐ. என்ற தனி மாணவர் எண் வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டும் விசாவும் வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்கள் அங்கே போய் இறங்கிய பிறகுதான் அந்த எண்ணை எடுக்க முடியும். அதனால் ஆர்.எஸ்.ஏ., ஒயிட் கார்டு இரண்டையும் உங்கள் பட்டியலிலிருந்து இப்போதே அடித்துவிடலாம். ஆர்.எஸ்.ஏ. மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். நியூ சவுத் வேல்ஸ் தன் சொந்த அட்டையைத்தான் கேட்கும். எந்த மாநிலத்தில் வேலை கிடைக்கப்போகிறது என்று தெரியாமல் முன்கூட்டியே எடுப்பதில் பொருளில்லை. ஒயிட் கார்டு ஓரிடத்தில் எடுத்தால் நாடு முழுவதும் செல்லும். பளுதூக்கி வண்டி ஓட்டுவது போன்றவற்றுக்கு வேறு உரிமங்கள் உண்டு. இவற்றையெல்லாம் இங்கே பேச்சுவழக்கில் 'டிக்கெட்' என்கிறார்கள். "உன்னிடம் என்ன டிக்கெட் இருக்கிறது?" என்று ஒருவர் முதல் நாள் கேட்டபோது, திரும்பிப் போவதற்கான விமான டிக்கெட்டைக் கேட்கிறார் என்று நினைத்து நான் பதில் சொன்னது தோட்டத்தில் இன்னும் பேசிச் சிரிக்கப்படுகிறது.

ஆங்கிலம் கற்பிக்கும் 120 மணி நேரப் படிப்பும் இந்த ஆண்டுக்கு வேண்டாம். வியட்நாமிலோ ஸ்பெயினிலோ கற்பிக்கப் போவதாக இருந்தால் அது வேறு. ஆங்கிலமே பேசும் நாட்டுக்குப் போகும்போது அதை வைத்து என்ன செய்வீர்கள்?

காபியைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சான்றிதழுக்கு மதிப்பில்லாமல் கைப்பழக்கத்துக்கு முழு மதிப்பும் உள்ள வேலை அது. இங்கே காபிக் கடையில் 'முன்னோட்டம்' என்று உங்களை இயந்திரத்தின் முன் நிறுத்துவார்கள். நாலு கோப்பை போட்டுக் காட்டினால் உங்கள் கதை தெரிந்துவிடும். டிகாக்ஷன் காபி குடித்து வளர்ந்த நமக்குப் பாலைப் பொங்கவைத்து, நுரை பறக்க ஆற்றித்தான் பழக்கம். இங்கே அதுவே முதல் தவறு. நீராவிக் குழாயின் நுனியைப் பாலின் மேற்பரப்பில் மட்டும் பட்டும் படாமலும் பிடிக்க வேண்டும். அப்போது காகிதத்தை மெல்லக் கிழிப்பது போன்ற ஓசை வரும். சில நொடிகளில் குழாயைச் சற்று உள்ளே இறக்கிப் பாலைச் சுழலவிட வேண்டும். குவளையைப் பிடித்திருக்கும் உள்ளங்கை சூடு தாங்காமல் விலகும் நேரத்தில், அதாவது 60 முதல் 65 டிகிரிக்குள், நிறுத்திவிட வேண்டும். அதைத் தாண்டினால் பாலின் இனிப்புப் போய்விடும். நுரை குமிழியாகத் தெரியாமல், புதிதாக வண்ணமடித்த சுவர்போல மினுங்கினால் அது சரி. பிளாட் ஒயிட்டுக்கு மெல்லிய நுரை, கப்புச்சினோவுக்குத் தடித்த நுரை. எனக்கு இது கைவர மூன்று வாரமும், கணக்கில்லாத பாலும் ஆயின.

ஆகவே சென்னையில் எஸ்பிரெசோ இயந்திரம் வைத்திருக்கும் ஏதேனும் ஒரு கடையில் வார இறுதியில் இலவசமாக வேலை செய்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள். அது கிடைக்காவிட்டால் மட்டும் காசு கொடுத்துப் படியுங்கள்; அப்போதும் எத்தனை நாள் என்று கேட்பதைவிட, ஓர் ஆளுக்கு எத்தனை லிட்டர் பால் என்று கேளுங்கள். பெங்களூரில் காபி வாரியம் நடத்தும் 'காபி சாஸ்திரா' பயிற்சி நல்ல பெயர் எடுத்தது. ஆனால் அது கொட்டை, வறுவல், சுவை என்று காபித் தொழிலையே அறிமுகப்படுத்துவது. கடை வேலைக்கான கைவேகம் வேண்டும் என்றால் இயந்திரத்தின் முன் நின்றால்தான் வரும்.

தோட்ட வேலைக்கு எந்தப் பயிற்சியும் வகுப்பறையில் கிடையாது. வாழை பார்த்து வளர்ந்தவன் என்ற மிதப்பில் டல்லிக்குப் போனேன். அங்கே ஒருவர் மரத்தைக் கத்தியால் கொத்தி மெதுவாகச் சாய்க்க, உறை போட்ட தார் அப்படியே என் தோளில் இறங்கியது. ஐம்பது கிலோ இருக்கும். ஆஸ்திரேலியாவிலேயே அதிகம் மழை பெய்யும் ஊர்களில் அது ஒன்று. 1950-ல் ஒரே ஆண்டில் பெய்த 7.9 மீட்டர் மழையின் நினைவாக அதே உயரத்தில் ஒரு ரப்பர் பூட்ஸ் சிலையை ஊர் நடுவே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தச் சேற்றில், அந்தத் தாரோடு, டிராக்டர் வரை நடக்க வேண்டும். பெண்களைப் பெரும்பாலும் தார் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் கொட்டகையில் போடுகிறார்கள். அங்கே பாரம் குறைவு, ஆனால் எட்டு மணி நேரம் நின்றபடியே வேலை. அலுவலக நாற்காலியில் இரண்டு ஆண்டு உட்கார்ந்த உடம்புக்கு ஐந்து மாதம் தினமும் ஒரு மணி நேர நடையும், குந்தி எழும் பயிற்சியும் எந்தச் சான்றிதழையும்விடப் பயன்படும்.


நூற்றெட்டுக்கு முன்:

வாழைத்தார் தம்பி சொன்னதோடு உடன்படுகிறேன், முதலுதவி தவிர. அதை அவர் தொடாமலே விட்டுவிட்டார். நான் கோயம்புத்தூரில் செவிலியாக இருக்கிறேன். கல்லூரி மாணவர்களுக்கு முதலுதவி வகுப்பும் எடுக்கிறேன்.

வேலைக்காக முதலுதவிச் சான்று கேட்டால் அதையும் ஆஸ்திரேலியாவில்தான் எடுக்க வேண்டியிருக்கும். அங்கே அந்தச் சான்றை மூன்றாண்டுக்கு ஒருமுறையும், மார்பை அழுத்திச் செய்யும் இதய இயக்க மீட்புப் பயிற்சியை ஆண்டுக்கு ஒருமுறையும் புதுப்பிக்கச் சொல்கிறார்கள். ஆனால் முதலுதவி வேலை தேடுவதற்காக மட்டும் கற்கும் பாடம் இல்லை. அடுத்த ஊர் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இடத்தில், உடன் தங்கியிருப்பவர் மயங்கி விழுந்தால் 000 என்ற எண்ணை அழைத்துவிட்டு உதவி வரும்வரை என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கமும் இந்தியச் செஞ்சிலுவைச் சங்கமும் தமிழ்நாட்டில் முதலுதவி வகுப்புகள் நடத்துகின்றன. வகுப்பில் பொம்மை இருக்கிறதா, ஒவ்வொருவரும் மண்டியிட்டு அழுத்திப் பழக நேரம் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். மார்பின் நடுவே ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு என்று ஏட்டில் படித்துவிடலாம். இரண்டு நிமிடம் அழுத்திப் பார்த்தவர்களுக்குத்தான் கை எப்படிச் சோர்ந்துபோகும் என்பது தெரியும். ஆளை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதன் காரணமும் அப்போதுதான் விளங்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் இங்கே கற்றதை அங்கே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அது பாம்புக்கடி. நம் ஊரில் நாகம், கட்டுவிரியன் ஆகியவற்றோடு கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கடிக்கின்றன. இந்தக் கடைசி இரண்டின் நஞ்சு கடித்த இடத்துத் தசையையே அழுகச் செய்யும் என்பதால், இறுக்கிக் கட்டி நஞ்சை ஓரிடத்தில் தேக்கினால் கெடுதல் அதிகம். ஆகவே கட்டுப் போடாதீர்கள், எலும்பு முறிந்த கையைப் போல அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள் என்று நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம். ஆஸ்திரேலியாவில் நிலைமை வேறு. அங்குள்ள கொடிய பாம்புகள் நாகத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை. நஞ்சு நிணநீர் வழியாக உடம்பில் பரவும். அந்த ஓட்டத்தைத் தாமதப்படுத்த, அகலமான நெகிழ்துணிக் கட்டை விரல்நுனியிலிருந்து மேல்நோக்கிக் கை அல்லது கால் முழுவதும் இறுகச் சுற்றி, குச்சி வைத்துக் கட்டி, ஆளை நடக்கவிடாமல் படுக்க வைக்க வேண்டும் என்பது அங்கே முறை. கடித்த இடத்தைக் கழுவவும் கூடாது, ஏனென்றால் தோலில் ஒட்டியிருக்கும் நஞ்சை வைத்து மருத்துவமனையில் அது எந்த வகை என்று சோதிப்பார்கள். கீறுவதும் உறிஞ்சுவதும் இரு நாட்டிலும் தவறு.

அதேபோல வடக்குக் குயின்ஸ்லாந்துக் கடலில் நவம்பர் முதல் மே வரை பெட்டி ஜெல்லிமீன்கள் வரும். அது கொட்டினால் வினிகரைத் தாராளமாக ஊற்றுவார்கள். தெற்குக் கடற்கரைகளில் காணும் புளூபாட்டில் என்ற நீல வகை கொட்டினால் வினிகர் கூடாது, பொறுக்கக்கூடிய வெந்நீர்தான். எது எங்கே என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். நீந்தும் கடற்கரையில் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதை இறங்கும் முன் வாசிக்கும் பழக்கம் இருந்தால் போதும்.


மெல்பேண் வாசி:

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேணுக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இந்த விசாவில் வந்தவன் அல்லன். ஆனால் இப்படி ஓராண்டுக்கு வருகின்ற பிள்ளைகள் பலர் எங்கள் வீட்டில் சில நாட்கள் தங்கிப் போயிருக்கிறார்கள். அவர்களிடம் நான் கண்ட இரண்டு குறைகள் நீச்சலும் வாகனம் ஓட்டுவதும்தான். இந்த இரண்டையும் வந்த பிறகு கற்கலாம் என்று எவரும் சொன்னால் நம்பாதீர்கள். இங்கே ஒரு மணி நேரச் சாரதிப் பயிற்சிக்குக் கொடுக்கும் காசில் உங்கள் ஊரில் முழுப் பயிற்சியையும் முடித்துவிடலாம்.

நீச்சல் தெரியாது என்று நீங்கள் கூச்சப்படத் தேவையில்லை. கிணற்றிலும் குளத்திலும் நன்றாக நீந்தியவர்கள்தான் இங்கே அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனெனில் அவர்களுக்குத் துணிச்சல் இருக்கிறது. இங்குள்ள கடலில் 'ரிப்' என்று சொல்லப்படும் நீரோட்டம் கரையிலிருந்து ஆளைக் கடலுக்குள் இழுத்துச் செல்லும். பார்வைக்கு அந்த இடம்தான் அலையில்லாமல் அமைதியாகத் தெரியும், புதியவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். இழுபட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போவதுதான் ஆபத்து. பதறாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும்; முடிந்தவர்கள் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வரலாம். சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் இரண்டுக்கும் இடையே மட்டும் இறங்குங்கள். கொடி இல்லாத கடற்கரையில் இறங்காதீர்கள். ஆகவே நீச்சல் ஆசிரியரிடம் வேகமும் பாணியும் முக்கியமில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, ஆழமான தண்ணீரில் பத்து நிமிடம் மிதப்பதற்கும் மல்லாந்து ஓய்வெடுப்பதற்கும் பழக்கிவிடச் சொல்லுங்கள். சென்னையில் வேளச்சேரியில் அரசு நீச்சல் வளாகம் இருப்பதாக அறிகிறேன். குளத்தில் பயம் போன பிறகு கோவளம் பக்கம் அலைச்சறுக்கு சொல்லிக்கொடுப்பவர்களிடம் ஒரு நாள் போய், கடலலை எப்படி அடிக்கும் என்று ஆள் துணையோடு அனுபவித்துப் பாருங்கள்.

வாகனம் பற்றி: இங்கும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம் என்பது உங்களுக்கு வசதி. கியர் உள்ள வண்டியிலேயே பழகி உரிமம் எடுங்கள், தோட்டங்களில் உள்ள பழைய பிக்கப் வண்டிகளில் பல இன்னும் கியர் வண்டிகள்தான். உரிமம் கையில் வந்ததும் ஓட்டப் பழக்கம் வந்துவிட்டதாக எண்ண வேண்டாம். இங்கே சுற்றுவட்டச் சந்தியில் ஏற்கெனவே உள்ளே இருக்கும் வண்டிக்கு வழி விட்டே ஆக வேண்டும். ஒலிப்பான் அடித்து நுழைகின்ற கதை கிடையாது. நாட்டுப்புறச் சாலையில் 53 மீட்டர் நீளமுள்ள பாரவண்டிகள் எதிரே வரும். பொழுது சாயும் நேரத்தில் கங்காரு குறுக்கே பாயும். அப்போது வளைத்துத் திருப்பினால் வண்டி உருண்டுவிடும், பிரேக்கை அழுத்தி நேராகவே நிற்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரு ஆயிரம் கிலோமீட்டராவது அங்கேயே ஓட்டிப் பழகிவிட்டு வாருங்கள்.


தாமிரபரணித் தண்ணீர்:

அண்ணா, அக்கா, மெல்பேண் ஐயா, மூவருக்கும் மிக்க நன்றி. ஓட்டுநர் பழகுநர் உரிமத்துக்கு இன்றே விண்ணப்பித்துவிட்டேன். எல்.எல்.ஆர். கிடைத்து 30 நாள் கழித்துத்தான் ஓட்டுத் தேர்வுக்குப் போக முடியும் என்பதால், இன்னும் தாமதித்திருந்தால் ஐந்து மாதத்தில் ஓட்டிப் பழகவே நேரம் இருந்திருக்காது. அதன் பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டிச் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுப்பது அவசியமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த 68,000 ரூபாய் நிறுவனத்துக்கு நேற்றுத் தொலைபேசியில் பேசி, ஒயிட் கார்டை இந்தியாவிலிருந்து எடுக்க முடியாதாமே என்று கேட்டேன். தங்களுக்கு ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றோடு தொடர்பு இருப்பதாகவும், இணையவழியில் சென்னையிலிருந்தே முடித்துத் தருவதாகவும் உறுதியாகச் சொன்னார்கள். முன்பணமாகப் பத்தாயிரம் கட்டினால் இடம் ஒதுக்குவதாகவும் சொன்னார்கள்.


கணக்குப்பிள்ளை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகன் இதே விசாவில் சிட்னியில் இருக்கிறான். என்னைக் கேட்டால் அந்த நாற்பதாயிரத்தில் பாதியைத் தொடவே தொடாதீர்கள். விசாவுக்காகக் காட்டிய 5,000 டாலர் முதல் ஆறு வாரத்திலேயே எவ்வளவு கரையும் என்பதை அவன் வங்கிக் கணக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வாடகைக்கு முன்பணம், ஒரு பழைய கார், வேலை கிடைக்கும்வரை சாப்பாடு என்று எல்லாம் சேர்ந்தே வரும்.

நீங்கள் வணிகவியல் படித்தவர் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஆஸ்திரேலியச் சம்பளச் சீட்டை வாசிக்கக் கற்றுக்கொண்டு போங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. அந்நாட்டில் வேலை, ஊதிய விதிகளைக் கவனிக்கும் ஃபேர் ஒர்க் என்ற அரசு அலுவலகத்தின் இணையதளத்தில் எல்லாம் இருக்கிறது. 2025 ஜூலையில் வயது வந்தோருக்கான தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலராக இருந்தது. நிரந்தரமில்லாத தற்காலிகப் பணியாளருக்கு அதன்மேல் 25 விழுக்காடு சேர்த்துத் தர வேண்டும். பழம் பறிப்பில் எடைக்கு இவ்வளவு என்று பேசினாலும், 2022 ஏப்ரலுக்குப் பிறகு மணிக்கணக்கில் வரும் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. என் மகன் முதல் வேலையில் இரண்டு மாதம் கைக்காசாக வாங்கிக்கொண்டு, சீட்டே இல்லாமல் ஏமாந்தான். பெட்டிக்கு இவ்வளவு என்று சொன்ன கணக்கு அவனுக்கு அப்போது பெரிதாகத் தெரிந்திருக்கிறது, ரூபாயில் பெருக்கிப் பார்த்ததால் வந்த வினை.

ஆங்கிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விசாவுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் சராசரி 4.5 போதும் என்றாலும், காபிக் கடையின் இரைச்சலில் ஒருவர் அவசரமாகச் சொல்லும் ஆர்டரைப் புரிந்துகொள்ள அது போதாது. ஆஸ்திரேலிய வானொலியை இப்போதிலிருந்தே தினமும் ஒரு மணி நேரம் போட்டுக் கேளுங்கள்.


வாழைத்தார்:

தங்கையே, பத்தாயிரத்தைக் கட்டிவிடாதீர்கள். சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அரசு ஏற்கும் ஒவ்வொரு பயிற்சிப் பாடத்துக்கும் ஓர் எண் உண்டு. ஒயிட் கார்டுக்குச் சி.பி.சி.டபிள்யூ.எச்.எஸ். 1001, முதலுதவிக்கு எச்.எல்.டி.ஏ.ஐ.டி. 011. நிறுவனங்களுக்கும் பதிவெண் உண்டு. டிரெய்னிங் டாட் கவ் டாட் ஏயு என்ற அரசு இணையதளத்தில் இரண்டையும் போட்டுப் பார்த்தால், அந்த நிறுவனம் அந்தப் பாடத்தை நடத்த அனுமதி பெற்றதா என்பது தெரிந்துவிடும். அவர்களிடம் பதிவெண்ணையும் பாட எண்ணையும் எழுத்தில் கேளுங்கள். கூடவே, நான் இந்தியாவில் இருக்கும்போது யு.எஸ்.ஐ. எண்ணுக்கு என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். என்னிடம் பணம் வாங்கியவர்களுக்கு அந்தச் சொல்லே தெரியாது. ஒயிட் கார்டுக்கு நேரில் வரச் சொல்லும் மாநிலங்களும் உண்டு, விக்டோரியா அப்படித்தான்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நம் உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் பல இடங்களில் அதுவே போதும். ஆனாலும் வாடகைக் கார் எடுக்கும்போது கேட்கிறார்கள். ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதால் புறப்படும் மாதத்தில் எடுங்கள், இப்போதே எடுத்தால் ஐந்து மாதம் வீணாகப் போகும்.

பெரியவர் சொன்ன கணக்கையும் சேர்த்து, நான் உங்கள் இடத்தில் இருந்தால் சனிக்கிழமை காலை நீச்சல், மாலை கார், ஞாயிறு காபிக் கடை என்று மூன்று மாதம் ஓட்டுவேன். முதலுதவி வகுப்பைக் கடைசி மாதத்தில் வைத்துக்கொண்டால் மறக்காது. வீட்டில் இருக்கும் நாட்களில் அம்மாவிடமிருந்து கத்தியை வாங்கி, தினமும் ஒரு கிலோ வெங்காயம் நறுக்குங்கள். சமையலறை உதவியாள் வேலைக்குப் போனால் முதல் நாள் முதல் மணி நேரம் அதைத்தான் கொடுப்பார்கள். சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் எத்தனை மணி நேரம் இருந்தது என்று அங்கே எழுதி வைப்பார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் திரும்பக் குளிர்பெட்டிக்குள் வைக்கலாம், நான்கைத் தாண்டினால் குப்பைக்கூடைதான். காலையில் வைத்த குழம்பை இரவு வரை அடுப்புமேடையில் விட்டுப் பழகிய எனக்கு இது பதிய ஒரு வாரம் ஆயிற்று.


தாமிரபரணித் தண்ணீர்:

நிறுவனத்திடம் மூன்று கேள்விகளையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். இரண்டு நாளாகப் பதிலில்லை. இன்று அவர்களே அழைத்து, அதே தொகுப்பை 45,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார்கள். பதிவெண்ணைக் கேட்டதும் மேலாளரிடம் கேட்டுச் சொல்வதாக வைத்துவிட்டார்கள். வேளச்சேரியில் நீச்சலுக்குப் பணம் கட்டிவிட்டேன். வரும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு முதல் வகுப்பு. வெங்காயம் நறுக்கும் யோசனையை அம்மா உடனே ஏற்றுக்கொண்டார்.